வெயிலும் மூச்சும்

மே மாதத்தில் மீன் வளர்ப்பவர்கள் பயப்படும் நேரம் உச்சிப்பொழுது அல்ல, விடியற்காலை. நாலு, ஐந்து மணி வாக்கில் குளத்து மீன்கள் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அனுபவமுள்ளவர் அதைப் பார்த்ததும் ஏரேட்டரைப் போட ஓடுவார். ஏரேட்டர் இல்லாதவர் மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து குளத்துக்குள்ளேயே கொட்டச் செய்வார். தாமதமானால் பொழுது நன்றாக விடியும்போது மீன்கள் செத்து மிதக்கும். அதிலும் பெரிய மீன்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

தண்ணீர் மிக அதிகமாகச் சூடேறியிருப்பது பிற்பகல் மூன்று மணிக்கு. அப்போது தப்பிய மீன், சற்றே குளிர்ந்த அதிகாலையில் ஏன் சாகிறது? பகலில் குளத்துப் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் அந்த வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நிற்பதில்லை. மீன் மூச்சு விடுகிறது, பாசியும் மூச்சு விடுகிறது, அடிச்சேற்றில் அழுகும் தீவனத்தைத் தின்னும் பாக்டீரியாக்களும் மூச்சு விடுகின்றன. பகலில் வாங்கிய சூட்டைத் தண்ணீர் இரவிலும் எளிதில் விடாது. அதனால் இந்த மூவரின் செலவும் இரவு முழுக்க உயர்ந்த நிலையிலேயே நடக்கிறது. சூரியன் வருவதற்குச் சற்று முன்பு இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. குளிர்காலத்துக் குளத்திலும் இதே கதைதான் ஒவ்வொரு இரவும் நடக்கிறது. ஆனால் அங்கே செலவு குறைவு, தொடக்க இருப்பு அதிகம். அதனால் விடியும்வரை தாங்கிவிடுகிறது.

சூடு கூடினால் உயிரினத்தின் செலவு ஏன் கூட வேண்டும்? 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போகும்போது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் மூன்றரை சதவீதம் அளவுக்குத்தான் உயர்கிறது. வெப்பநிலையைக் கணக்கிட வேண்டியது தனிச்சுழியிலிருந்து. அந்தக் கணக்கில் இது 293-இலிருந்து 303-க்கு ஏறும் சின்ன ஏற்றம். ஆனால் பெரும்பாலான மீன்களின் ஆக்சிஜன் தேவை இதே பத்து டிகிரியில் இரண்டு மடங்காகிறது, சிலவற்றில் மூன்று மடங்கு வரை போகிறது. இந்த முரணுக்கு விடை தந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரீனியஸ். 1889-இல் அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு வேதிவினை நடக்க மூலக்கூறுகள் ஓர் ஆற்றல் தடுப்பைத் தாண்ட வேண்டும். உயரமான மதில் ஒன்றைக் கூட்டம் ஒன்று தாண்ட முயல்வதாக வைத்துக்கொண்டால், கூட்டத்தின் சராசரி பலம் எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லை. மதிலைத் தாண்டும் அளவு பலம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விஷயம். சராசரி கொஞ்சம் உயர்ந்தாலே அந்தச் சிறுபான்மை இரட்டிப்பாகிவிடும். உடலுக்குள் நொதிகள் நடத்தும் ஆயிரக்கணக்கான வினைகளுக்கும் இதே விதிதான். பத்து டிகிரிக்கு எத்தனை மடங்கு என்ற அந்த எண்ணை உடலியலாளர்கள் 'க்யூ-10' என்று குறிக்கிறார்கள்.

விதி வேதியியலில் தெளிவாக இருந்தது. விலங்கில் அதை அளப்பதுதான் தொல்லை. மீனைச் சூடாக்கினால் அது மிரண்டு ஓடும். ஓடினால் அதிக ஆக்சிஜன் எடுக்கும். நாம் அளந்தது சூட்டின் விளைவா, ஓட்டத்தின் விளைவா? டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் நகர மறுத்தவர். தங்கமீன்களை மயக்கமருந்தால் அசையாமல் வைத்தும், மயக்காமல் வைத்தும் அளந்தார். 1914-இல் அவர் வெளியிட்ட வளைகோட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: மடங்கு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உறைநிலையை ஒட்டிய குளிரில் அது மிகப் பெரிது. 25 டிகிரிக்கு மேல் இரண்டுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. அதாவது குளிர்ந்த நீரில் ஒரு டிகிரி ஏறுவதற்கும் வெதுவெதுப்பான நீரில் ஒரு டிகிரி ஏறுவதற்கும் ஒரே அர்த்தம் கிடையாது. பாடநூல்கள் 'பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு' என்று சுருக்கிவிடுகின்றன. சொல்ல வசதியான சுருக்கம்தான், ஆனால் க்ரோக்கின் உழைப்பில் பாதியை அது விழுங்கிவிடுகிறது.

க்ரோக்கின் ஆசிரியர் கிறிஸ்டியன் போர், அணு இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை. கார்பன் டை ஆக்சைடு கூடினால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது என்று 1904-இல் க்ரோக்கும் உடனிருக்கக் கண்டறிந்தவர் அவர். சூடும் இதே வேலையைச் செய்கிறது. உழைக்கும் தசைக்கு இது வசதி, ஆக்சிஜன் எளிதில் கழன்று வரும். செவுளுக்கு இது இடைஞ்சல். ஏற்றிக்கொள்ள வேண்டிய இடத்திலேயே பிடி தளர்ந்தால் என்ன செய்வது?

இனித் தண்ணீரின் பக்கத்தைப் பார்ப்போம். நாம் காற்றில் வாழ்வதால் மூச்சு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதை உணர்வதில்லை. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் உள்ள ஒரு லிட்டர் நன்னீரில், அது முழுக்கக் காற்றோட்டம் பெற்றிருந்தாலும், 7.6 மில்லிகிராம்தான். அதே நீர் 20 டிகிரியில் 9.1 மில்லிகிராமும், உறைநிலையில் 14.6 மில்லிகிராமும் வைத்திருக்கும். போதாக்குறைக்குத் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு கனமானது. அதை வாய்வழி இழுத்துச் செவுள்வழி தள்ளவே தசை உழைக்க வேண்டும். மீன் இவ்வளவையும் சமாளிப்பது செவுளின் அமைப்பால். அங்கே நீர் ஒரு திசையிலும் இரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. அதனால் கடந்துபோகும் நீரிலுள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம் வரை உறிஞ்ச முடிகிறது. நம் நுரையீரல் உள்ளிழுத்ததில் கால்பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். 20 டிகிரியிலிருந்து 30-க்குப் போகும் மீனுக்குத் தேவை இரண்டு மடங்கு. லிட்டருக்குக் கிடைப்பதோ ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே அது முன்பைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு நீரைச் செவுள் வழியாகத் தள்ள வேண்டும். தள்ளுவதற்கும் ஆக்சிஜன் செலவாகும், அந்தச் செலவையும் மூச்சிலிருந்தே எடுக்க வேண்டும். கோடைக்குளத்தில் மீன் செவுள் மூடியை வேகவேகமாக அடிப்பது இதனால்தான். வெப்பம் மீனின் உடலைச் சிதைத்துக் கொல்வதற்கு வெகு முன்பே இந்தக் கணக்கு அதைக் கொன்றுவிட முடியும்.

இந்த வலையிலிருந்து தப்பிக்க ஒரு வழி, தண்ணீரை நம்பாமல் இருப்பது. விரால், பனையேறிக் கெண்டை, தேளி போன்றவை வெளிக்காற்றையும் சுவாசிக்கப் பழகியவை. வற்றிக் குழம்பாகிவிட்ட ஏரியில் கட்லாவும் ரோகுவும் மடிந்த பிறகும் சேற்றில் விரால் கிடைப்பது இதனால். ஆனால் காற்றும் இலவசமில்லை என்பதை மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1970-களில் டி.ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் காட்டினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. விரால் மூச்சுக்காக மேலே வந்து போகிறதே, அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? தொட்டியில் வளர்த்து, ஒரு நாளில் எத்தனை தடவை மேலே வருகிறது, எவ்வளவு தின்கிறது, எவ்வளவு வளர்கிறது என்று எண்ணினார்கள். ஆழமான நீரில் ஒவ்வொரு மூச்சுக்கும் நீந்த வேண்டிய தூரம் கூடியது. வளர்ச்சிக்குப் போக வேண்டிய உணவு அந்த நீச்சலில் கரைந்தது. வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தும் இதையே ஆராய்ந்தார்கள். சூடு கூடினால் ஆக்சிஜன் தேவை கூடும், மேலே வரும் தடவையும் கூடும், அதற்கான தீனிச் செலவும் கூடும். விரால் வளர்க்கும் குளத்தை ஏன் ஆழமில்லாமல் வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் கிடைக்காது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், நல்ல கேள்வியும் பொறுமையான எண்ணிக்கையும் மட்டும் வைத்துச் செய்த இந்த வேலை நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

சும்மா இருக்கும் மீனுக்கே இந்தப் பாடு என்றால், ஆற்றை எதிர்த்து நீந்தும் மீனுக்கு? 1947-இல் டொரன்டோவைச் சேர்ந்த எஃப்.இ.ஜே. ஃப்ரை பயனுள்ள ஒரு கருத்தை முன்வைத்தார். ஓய்வில் ஒரு மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஒன்று. முழு மூச்சாக நீந்தும்போது அதிகபட்சம் எடுக்க முடிந்த ஆக்சிஜன் இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அது வாழ்வதற்கு, அதாவது இரை தேட, ஓட, ஜீரணிக்க, முட்டையிடக் கையிலிருக்கும் உபரி. சூடு ஏற ஏற ஓய்வுத் தேவை விடாமல் ஏறிக்கொண்டே போகும். அதிகபட்சமோ ஓர் அளவு வரை ஏறி, பிறகு நின்றுவிடும், அல்லது சரியும். இரண்டு கோடுகளும் நெருங்கும் இடத்தில் மீன் உயிரோடு இருக்கும், ஆனால் எதையும் செய்ய முடியாது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஓடும் ஃப்ரேசர் ஆற்றில் சாக்கை சால்மன் மீன்களுக்கு நேர்வது இதுதான். கடலில் வளர்ந்த இந்த மீன்கள் பிறந்த ஓடையைத் தேடி ஆற்றில் ஏறும்போது எதுவும் தின்பதில்லை. உடலில் சேமித்த கொழுப்பை வைத்தே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல். 2004 கோடையில் ஆறு வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேறியது. பெரும் எண்ணிக்கையில் மீன்கள் முட்டையிடும் இடத்துக்கு வந்து சேரவே இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோனி ஃபாரெல் குழு, வீவர் ஓடைக்குத் திரும்பும் மீன்களை நீச்சல் குழாயில் ஓடவிட்டு அளந்தது. 15 டிகிரியை ஒட்டி உபரி உச்சத்தில் இருந்தது. 20 டிகிரியைத் தாண்டியபோது ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை.

ஏன் அதிகபட்சம் சரிகிறது? சந்தேகம் இதயத்தின் மேல் விழுகிறது. மீனின் உடலில் இரத்தம் சுற்றிவரும் வழி விசித்திரமானது. உடலெல்லாம் சுற்றி ஆக்சிஜனை எல்லாத் தசைகளுக்கும் கொடுத்துத் தீர்த்த மிச்ச இரத்தம்தான் இதயத்துக்கு வருகிறது. அங்கிருந்துதான் செவுளுக்குப் போகிறது. எனவே இதயத்தசையின் உட்பகுதி இந்த மிச்சத்தை நம்பியே இருக்கிறது. சூட்டில் நீந்தும் தசைகள் அதிகம் பிடுங்கிக்கொண்டால் இதயத்துக்கு வருவது குறைகிறது, அதே நேரத்தில் இதயமோ சூட்டால் வேகமாகத் துடித்து அதிகம் கேட்கிறது. ஓர் எல்லைக்கு மேல் துடிப்பு தடுமாறத் தொடங்குகிறது.

சில்கோ ஏரிக்குப் போகும் சால்மன் மட்டும் தனி ரகம். அவை 600 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏற வேண்டும். எரிக்கா எலியாசனும் ஃபாரெலும் சகாக்களும் 2011-இல் எட்டு கூட்டங்களை ஒப்பிட்டார்கள். சில்கோ மீனின் இதயம் பெரிது. அதன் தசைக்கு நேரடியாக நல்ல இரத்தம் தரும் நாளங்களும் செழிப்பாக இருந்தன. சூட்டைத் தாங்குவதிலும் அவைதான் முன்னணி. ஒரே ஆறு, ஒரே இனம். ஆனால் ஒவ்வொரு கூட்டத்தின் மூச்சும் அதனதன் பயணப் பாதைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. 'சால்மனுக்கு இத்தனை டிகிரி வரை தாங்கும்' என்று ஒற்றை எண் சொல்லி ஆற்றை நிர்வகிக்க முடியாது என்பது இதன் நேரடி விளைவு. நீர்வாழ் விலங்குகள் எல்லாவற்றுக்கும் சூட்டின் எல்லையை ஆக்சிஜன்தான் வகுக்கிறது என்று ஜெர்மனியின் ஹான்ஸ்-ஓட்டோ பர்ட்னர் இதைப் பொதுவிதியாக்கப் பார்த்தார். அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நண்டுக்கும் நத்தைக்கும் மீனுக்கும் ஒரே விதி என்பதில் எனக்கும் நம்பிக்கை குறைவு.

இதே கணக்கின் மறுகோடியில் அண்டார்டிகா. உப்புநீர் உறையும் எல்லையில், சுழிக்குக் கீழே ஏறக்குறைய 1.9 டிகிரியில் வாழும் பனிமீன்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லை. நார்வேயின் யோஹான் ரூட் 1954-இல் இதை உறுதிசெய்து எழுதியபோது, முதுகெலும்புள்ள ஒரு விலங்கு சிவப்பணு இல்லாமல் வாழ்கிறது என்பது நம்பக் கடினமான செய்தி. வெள்ளை இரத்தம் எப்படிப் போதுகிறது? குளிர்ந்த கடலில் கரைந்த ஆக்சிஜன் ஏராளம். உடலின் தேவை அற்பம். பெரிய இதயமும் நிறைய இரத்தமும் இருந்தால், இரத்தநீரில் வெறுமனே கரைந்ததை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கடலின் மீன்களுக்குப் பின்வாங்க இடமில்லை. ஜார்ஜ் சொமேரோவும் ஆர்தர் டிவ்ரீஸும் 1967-இல் சோதித்த அண்டார்டிக் மீன்கள் 6 டிகிரியிலேயே செத்தன. நம் ஊரில் அதற்கு ஃபிரிட்ஜ் என்று பெயர்.

பறவைக்கும் பாலூட்டிக்கும் வரும்போது கோடு தலைகீழாகிறது. 1790 வாக்கில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரும் அவருடைய இளம் உதவியாளர் அர்மான் செகுவினும் செய்த அளவீடு இதற்கு முதல் சாட்சி. சோதனைக்கு உட்கார்ந்தது செகுவினே. வெறும் வயிற்றில், ஓய்வில், 32 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் எடுத்த ஆக்சிஜனைவிட 15 டிகிரிக் குளிரில் பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகமாக எடுத்தார். மீனென்றால் குளிரில் குறைத்திருக்கும். நாம் உடம்பை 37 டிகிரியில் வைத்திருக்க விறகு போட்டாக வேண்டும், அந்த விறகை எரிக்கக் காற்று வேண்டும். இந்தச் சுதந்திரத்துக்கு விலை அதிகம். ஒரே எடையுள்ள பாம்பைவிட எலி போன்ற பாலூட்டி ஒன்று ஓய்வில் சுமார் பத்து மடங்கு ஆற்றலை எரிக்கிறது.

எந்தக் குளிரில் கூடுதலாக எரிக்கத் தொடங்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். 1950-இல் பெர் ஷோலாண்டரும் லாரன்ஸ் இர்விங்கும் அலாஸ்காவின் பாயின்ட் பாரோ விலங்குகளையும் பனாமாக் காட்டு விலங்குகளையும் ஒரே முறையில் அளந்தார்கள். வெப்பமண்டல விலங்குகள் 20-களிலேயே நடுங்க ஆரம்பித்தன. ஆடையில்லாத மனிதன் 27, 28 டிகிரியில் ஆரம்பிக்கிறான். குளிர்நாட்டுக்காரனும்கூட உடம்பளவில் வெப்பமண்டலத்தான். ஆர்க்டிக் நரியோ சுழிக்குக் கீழே 40 டிகிரி வரை மூச்சைக் கூட்டவே இல்லை. அதன் ரோமம் அவ்வளவு நல்லது. இந்த உயர்ந்த செலவைத் தாங்காத சில விலங்குகள் கணக்கையே மூடிவைத்துத் தூங்குகின்றன. அலாஸ்காவின் ஆர்க்டிக் தரையணில் குளிர்உறக்கத்தில் தன் உடலைச் சுழிக்குக் கீழே 2.9 டிகிரி வரை இறக்குவதை பிரையன் பார்ன்ஸ் 1989-இல் பதிவுசெய்தார்.

வெப்பப் பக்கத்தில்தான் உண்மையான சிக்கல். வியர்க்காத விலங்குக்கு மூச்சுப்பாதைதான் குளிரூட்டி. நாய் இளைக்கும்போது அதற்கு ஆக்சிஜன் பற்றாக்குறை கிடையாது; நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குகிறது. நிமிடத்துக்கு 30, 40 தடவை மூச்சுவிடும் நாய் இடைப்பட்ட வேகங்களில் நிற்காமல் ஒரே தாவலில் 300-க்கு மேல் போய்விடும். அது அதன் மார்புக்கூடும் நுரையீரலும் இயல்பாகவே அதிரும் வேகம் என்பதை 1962-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த அதிர்வு கைகொடுப்பதால் தசைக்கு வேலை மிகக் குறைவு. இல்லாவிட்டால் இளைப்பதால் பிறக்கும் சூடு, இளைப்பால் வெளியேறும் சூட்டை விழுங்கிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மூச்சு வேகமானால் இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தம் காரத்தன்மை பெறும். நாய் ஆழமில்லாமல் மூச்சுவிட்டு இதை ஓரளவு தவிர்க்கிறது. க்ரோக்கின் மகள் போடிலும் அவர் கணவர் க்னூட் ஷ்மிட்-நீல்சனும் வறண்ட நிலத்து விலங்குகளின் உடலியலை ஆராய்ந்தவர்கள். 1953-இல் அல்ஜீரியாவின் பெனி அப்பெஸ் சோலைக்குப் போய் ஒட்டகத்தை அளந்தவர்கள். பின்னாளில் க்னூட்டும் குழுவினரும் தீக்கோழியை ஆராய்ந்தபோது, அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 தடவை என மணிக்கணக்கில் இளைத்தும் இரத்தம் கெடாமல் இருந்ததைக் கண்டார்கள்.

நாமக்கல் பண்ணையின் முட்டைக்கோழிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல், வியர்வைச் சுரப்பி கிடையாது, கூரைக்குக் கீழே காற்று 40-ஐத் தொடும்போது இளைப்பைத் தவிர வழியில்லை. முட்டை ஓட்டில் 94 சதவீதம் போலக் கால்சியம் கார்பனேட். அதிலுள்ள கார்பனேட்டைக் கோழி தன் இரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடிலிருந்தே செய்கிறது. மூச்சோடு அது வீணாகும்போது ஓட்டுக்கான சரக்கு குறைகிறது. இரத்தம் காரமாவதால் கால்சியமும் ஓட்டுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஓடு மெலிந்து, தோல்முட்டை கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கோழிக்குச் சோடாத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், ஓடு தடித்தது. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு யார் சோடா வாங்கிக் கொடுப்பது? பண்ணைகளில் சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கிறார்கள்.

தீவனம் போடும் நேரத்தையும் மாற்றுகிறார்கள். தின்றதை ஜீரணிப்பதே உடலுக்குள் சூட்டைக் கிளப்பும் வேலை. அந்தச் சூடு தின்ற சில மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். ஒன்பது மணிக்குத் தின்ற கோழி, வெயில் உச்சத்தில் நிற்கும்போது வயிற்றுக்குள்ளும் ஒரு வெயிலைச் சுமக்கும். அதனால் கருக்கலிலேயே தீனியைப் போட்டு, முற்பகலில் தொட்டியைக் காலியாக விட்டு, மறுபடி சாயங்காலம் போடுவது வழக்கம். சிலர் நள்ளிரவில் ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டுத் தின்ன வைக்கிறார்கள். ஓடு பெரும்பாலும் உருவாவது இரவில்தான், அந்த நேரத்தில் தீனியோடு தின்ற கிளிஞ்சல் குடலில் இருந்தால் கோழி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கடன் வாங்க வேண்டியது குறையும்.